இன்னொருத்தர் சொன்ன வாடகை

"இன்னொருத்தர், இன்னொருத்தர்னு அந்த ஆளு மூச்சுக்கு மூச்சு சொன்னானே, அந்த இன்னொருத்தர் நீதானாடா?"

மாடிப்படியின் கீழே நின்று கறாரம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் தாமாகவே திறந்துகொண்டன. படியின் பாதியில், ஒரு காலில் செருப்பும் மறு காலில் வெறும் பாதமுமாக அவளுடைய தம்பி நின்றிருந்தான்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? 'வேற ஒரு பார்ட்டி இதைவிடக் கம்மிக்கு வர்றாங்க'ன்னான். கொஞ்சம் இறங்கினேன். 'அவங்க இன்னும் இறங்கிட்டாங்க'ன்னான். நானும் இறங்கினேன். அந்த பார்ட்டி எங்க அக்காதான்னு போன்ல எழுதிக் காட்டுமா?"

"கீழ்வீட்டுல உட்கார்ந்து நான் இறங்கறேன். மாடியில உட்கார்ந்து நீ இறங்கறே. ரெண்டு பேருமா சேர்ந்து பாதாளத்துக்கே போய்ச் சேர்ந்துட்டோம், சந்தோஷமா?"

"நீ ஏன்க்கா அவ்வளவு இறங்கினே? உன்னைக் கறார்னு வேற சொல்றாங்க!"

இந்தக் கேள்வி கறாரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் குரலை இன்னும் உயர்த்தினாள்.

விஷயம் இதுதான். அக்கா வீட்டில் ஒரு லாரி, தம்பி வீட்டில் ஒரு லாரி. அக்காவின் லாரியை ஓட்டுகிறவர் அவளுடைய கணவர். வண்டியை அவர் ஓட்டுவார், வாயை அவள் ஓட்டுவாள். சமையலறை மேஜையில் போனை வைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்கியபடியே ஊர் விட்டு ஊர் போகிற சரக்குக்கு வாடகை பேசுகிறவள் அவள்தான். "இதுக்குக் கீழே வண்டி நகராதுங்க" என்று அவள் சொல்லும்போது கத்தி பலகையில் ஓங்கி ஒரு வெட்டு விழும். எதிர்முனையில் இருப்பவருக்கும் அது கேட்கும். கறாரம்மா என்று தெரு பெயர் வைத்தது சும்மா இல்லை. மாடியில் இருக்கும் தம்பிக்கு வாயும் அவனே, கையும் அவனே. தெரு அவனை ராக்கெட் என்றது. அவன் லாரி தெருமுனையில் திரும்பினால் துணி தேய்க்கும் கடைக்காரம்மா மடித்து வைத்த சட்டையெல்லாம் ஒரு முறை எழுந்து உட்காரும்.

இருவருக்கும் லோடு பிடித்துக் கொடுப்பவர் ஒரே புரோக்கர், தனிக்கட்டை. சர்க்கரை என்று அவரைச் சொல்வார்கள். பேச்சு அவ்வளவு இனிப்பு. முந்தின வாரம், டைல்ஸ் தொழிற்சாலையிலிருந்து துறைமுக நகரத்துக்கு ஒரு லோடு என்று காலையில் கீழே ஒரு போன், மாடிக்கு ஒரு போன் என்று மாற்றி மாற்றி அடித்தார். மேலும் கீழும் நடந்த அந்த ஏலத்தைப் படிக்குக் கீழே கடை வைத்திருந்த தேய்ப்புக்கடை அம்மாள் இரண்டு பக்கமும் கேட்டாள். அவள் கேட்டால் தெரு கேட்ட மாதிரி. அடுத்த வீட்டு விவகாரத்தில் நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு தூரம்தான் இறங்குவார்கள் என்று பார்க்கும் ஆசையும் கொஞ்சம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

கடைசியில் லோடு தம்பிக்குப் போனது. அவன் போய்விட்டு வந்து, வாசலில் நின்ற அக்காவிடம், "எவனோ ஒரு கஞ்சப்பய வாயிலேர்ந்து பிடுங்கிட்டு வந்தேன்க்கா, சர்க்கரையே அசந்துட்டான்" என்று பெருமை பேசப் போய்த்தான் இந்தச் சண்டை.

"சரிக்கா, விடு" என்று தம்பி இப்போது சமாதானத்துக்கு வந்தான். "யாருக்குப் போனா என்ன, குடும்பத்துக்குள்ளதானே வந்திருக்கு? இதோ பாரு, கையில காசு இருக்கு." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

"அது காசு இல்லடா" என்றாள் கறாரம்மா. "அது உன் டயரு. டயரைத் தேய்ச்சு நோட்டாக்கிப் பையில வச்சிருக்கே. டயர் மாத்தற அன்னிக்கு அந்தப் பையைத் திறந்து பாரு, உள்ள காத்துதான் இருக்கும்."

மாடியிலிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். "அண்ணி, கூடப் பிறந்தவனுக்கு ஒரு லோடு போனதுக்கா இவ்வளவு?"

"அம்மா தாயே, அவனுக்குப் போனதுக்கு அழலை. நஷ்டத்துக்குப் போனதுக்கு அழறேன். உன் புருஷன் வண்டிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது யாரு? அவன் தவணை கட்டலேன்னா அந்த பைனான்ஸ்காரன் முதல்ல உன் வீட்டுக் கதவைத் தட்டுவான், அடுத்தது என் வீட்டுக் கதவை. அவன் ஜெயிச்சாலும் எனக்கு அடி, நான் ஜெயிச்சாலும் எனக்கு அடி."

அதற்குப் பிறகு சத்தம் அடங்கியது. ஜன்னல்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அவள் சொன்னது உண்மை. இரண்டு வீட்டிலும் தவணை ஏற்கெனவே பாக்கி விழுந்திருந்தது. சென்ற மாதம் பைனான்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, பெண் பார்க்க வந்தவர் போல இரண்டு லாரியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் கறாரம்மாவுக்குத் தெரியும். இன்னும் ஒரு தவணை தவறினால் அவர் மறுபடி வருவார். அப்போது ஓட்டிக்கொண்டு போக ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வருவார்.

அன்றே அக்காவும் தம்பியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சர்க்கரை யாருக்குப் போன் அடித்தாலும் ஒரே வாடகைதான் சொல்வது, இன்னொருத்தர் என்ன சொன்னாலும் இறங்குவதில்லை. டீசல், சுங்கம், டயர், தவணை எல்லாம் போட்டு அந்த வாடகையைக் கறாரம்மா நிர்ணயித்தாள். அடுத்த முறை போன் வந்தபோது கீழேயிருந்தும் அதே தொகை, மாடியிலிருந்தும் அதே தொகை.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் சர்க்கரை, தேன் ஒழுக. "நீங்க சொன்னா நியாயமாத்தான் இருக்கும். அடுத்த தடவை பார்க்கலாம்."

லோடு மூன்றாவது ஒருத்தருக்குப் போய்விட்டது. அதற்கடுத்தது நான்காவது ஒருத்தருக்கு. உலகத்தில் இன்னொருத்தருக்கா பஞ்சம்? சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்துக்கொண்டு, டயரைத் தேய்த்து நோட்டாக்கிக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். இரண்டு லாரியும் தெருவில் மூக்கும் வாலுமாக நின்றன. குப்பை வண்டி திரும்ப முடியவில்லை, பள்ளிப் பேருந்து ரிவர்ஸிலேயே திரும்பிப் போனது. "கொள்கை எல்லாம் சரிம்மா, கொஞ்சம் ஓரமா நிறுத்தக் கூடாதா?" என்று தேய்ப்புக்கடை அம்மாள் கேட்டே விட்டாள்.

தம்பிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரத் தெரியாது. "நஷ்டமோ லாபமோ, வண்டி ஓடினாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்று படியில் உட்கார்ந்து புலம்பினான். அவனுடைய மாமா, அதாவது கறாரம்மாவின் கணவர், அதிகம் பேசாதவர். நின்றுகொண்டிருந்த லாரியைத் தினமும் துடைத்தார். அவருக்குத் தெரு வைத்த பெயர் நத்தை. மற்றவர்கள் மாலைக்குள் போய்ச் சேரும் தூரத்துக்கு இவர் மறுநாள் காலையில் போய்ச் சேருவார். அவர் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் ஹாரனிலேயே கெட்ட வார்த்தை பேசுவார்கள். கறாரம்மாவே பல முறை, "வேகமா ஓட்டினா மாசத்துக்குக் கூட ஒரு ட்ரிப் அடிக்கலாமில்ல?" என்று கேட்டிருக்கிறாள். "அடிக்கலாம்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு நாள் காலையில் கறாரம்மா நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு டைல்ஸ் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறினாள். புரோக்கரைத் தாண்டி நேராகத் தொழிற்சாலைக்கே போவது என்பது லாரிக்காரர்கள் டீக்கடையில் பேசுகிற பேச்சு. யாரும் போனதில்லை. சர்க்கரை கோபித்துக்கொண்டால் அப்புறம் வாழ்நாளுக்கும் லோடு கிடைக்காது. தம்பி பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து, "வேணாம்க்கா, வேணாம்க்கா" என்று பஸ் கிளம்பும் வரை சொன்னான்.

தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவுக்குத் தலைவி ஒரு பெண். நாற்பது வயது இருக்கும், கல்யாணமாகவில்லை, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மூன்று போன்களுக்கு மாறி மாறிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். டெஸ்பாட்ச் மேடம் என்று வாட்ச்மேன் சொன்னார். மேடம் கறாரம்மாவை உட்காரச் சொல்லவில்லை. அவளாகவே உட்கார்ந்தாள்.

"எத்தனை வண்டி வச்சிருக்கீங்க?"

"ரெண்டு."

"நேரடியா லோடு கொடுக்கணும்னா குறைஞ்சது அஞ்சு வண்டி வேணும். எங்க ரூல். வாடகை என்ன கேக்கறீங்க?"

கறாரம்மா சொன்னாள். மேடம் தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தாள். "புரோக்கர் இதைவிட எவ்வளவோ கம்மிக்கு அனுப்பறாரே. நான் எதுக்கு உங்களுக்குக் கூடக் கொடுக்கணும்? சொந்தமா, பந்தமா?"

நியாயமான கேள்வி. பஸ்ஸில் வரும்போது இதற்கு நல்ல பதில் ஒன்றைக் கறாரம்மா தயார் செய்து வைத்திருந்தாள், அது சமயம் பார்த்து மறந்துவிட்டது. ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். குடோனுக்குப் பின்னால் உடைந்த டைல்ஸ் ஒரு சின்னக் குன்றாகக் குவிந்திருந்தது. வெயிலில் பளபளத்தது. அதன் உச்சியில் ஒரு பூனை படுத்திருந்தது.

"அது என்னங்க?"

"அதைக் கேக்காதீங்க" என்று மேடம் சலித்துக்கொண்டாள். "போற வழியில உடைஞ்சு திரும்பி வந்தது. கடைக்காரங்க வாங்க மாட்டேங்கறாங்க. லாரிக்காரன்கிட்டக் கழிச்சா அடுத்த தடவை வர மாட்டான். புரோக்கரைக் கேட்டா இனிக்க இனிக்கப் பேசறாரு. கடைசியில என் தலையில விடியுது."

கறாரம்மாவுக்கு அந்தக் கணத்தில் தோன்றியதை யோசனை என்று சொல்ல முடியாது, வாய்தான் முந்திக்கொண்டது.

"எங்க வண்டியில உடைஞ்சா எங்க வாடகையில கழிச்சுக்குங்க. மொத்தமும். ரெண்டு வண்டி, ஒரே ஒரு ட்ரிப். நான் கேட்ட வாடகை."

மேடம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தாள். "தெரிஞ்சுதான் பேசறீங்களா? ஒரு வரிசை சரிஞ்சா உங்க வாடகை மொத்தமும் போயிடும். அதுக்கு மேலயும் நீங்க கொடுக்க வேண்டி வரும். எழுதி வாங்கிக்குவேன்."

"எழுதிக்குங்க."

எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான் கறாரம்மா அதை நினைத்துப் பார்த்தாள். பொறுப்பேற்றது இரண்டு வண்டிக்கு. ஒன்று நத்தை ஓட்டுவது. இன்னொன்று ராக்கெட் ஓட்டுவது.

வீட்டில் அவள் ஒரே நிபந்தனைதான் போட்டாள். மாமா வண்டி முன்னால் போகும். தம்பி பின்னால் போவான். எந்தக் காரணத்துக்காகவும் முந்தக் கூடாது.

"மாமா பின்னாடியா?" தம்பி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். "அதுக்குப் பதிலா நீ என்னைக் கொன்னுடலாம்க்கா."

"நம்பிக்கை இல்லாமத்தான் நானும் கூட வரேன். உன் வண்டியில."

லாரிக்காரன் பெண்டாட்டியாக இத்தனை வருஷம் இருந்தும் அவள் லாரியில் ஏறி வெளியூர் போனதே இல்லை. அவள் தம்பியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபோது வழியனுப்பத் தெருவே வந்துவிட்டது. குப்பை வண்டிக்காரர் மட்டும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்.

தொழிற்சாலையில் பெட்டிகளை ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டிக் கிளம்பினார்கள். தம்பி பழக்கதோஷத்தில் வாசல் வேகத்தடையைத் தாவிக் கடந்தான். கறாரம்மாவின் நாக்கு பல்லில் மாட்டியது. பின்னால் பெட்டிகள் ஒரு சத்தம் போட்டன. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"வேணும்னு பண்ணலைக்கா."

"ஓட்டு."

பிறகு நீண்ட சாலை. முன்னால் கணவரின் லாரி, அதன் பின்பக்கம். முதலில் அவளுக்கும் எரிச்சல்தான் வந்தது. சைக்கிள்காரர் ஒருவர் கொஞ்ச தூரம் கூடவே வந்து தம்பியிடம் மணி கேட்டுவிட்டுப் போனார். முந்திப் போன லாரிகளில் ஒன்றிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, ஊர்வலமா?" என்று கேட்டான். தம்பிக்கு முகம் சிவந்தது.

ஆனால் வேறு வேலை இல்லாததால் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. அவர் வண்டியின் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கு அபூர்வமாகத்தான் எரிந்தது. பிரேக் மிதித்தால் எரியும் விளக்கு அது. மற்ற வண்டிகளுக்கெல்லாம் நொடிக்கொரு தரம் கண் சிமிட்டியது. அவர் மட்டும், எதிரே எங்கோ மாடு குறுக்கே வரப்போகிறது, கார் திரும்பப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தது போல, அதற்கு வெகு முன்னாலேயே வேகத்தைத் தளரவிட்டு, நிற்காமலே போய்க்கொண்டிருந்தார். இறக்கத்தில் கியரை மாற்றி இன்ஜினையே பிடிமானமாக வைத்து இறங்கினார். வேகத்தடை வந்தால் முன்சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி மறுபக்கம் இறக்கினார். பிறகு பின்சக்கரத்துக்கும் அதேபோல.

ஓரிடத்தில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். பள்ளங்களுக்கு நடுவே நடந்து போய், குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். பின்னால் ஹாரன்கள் கத்தின. காதில் விழாதவர் போலத் திரும்பி வந்து, தம்பியிடம் கையால் ஒரு கோடு வரைந்து காட்டினார், இப்படிப் போய் இப்படித் திரும்பு என்று. மனைவியைப் பார்த்து, "தண்ணி குடிச்சியா?" என்றார். போய் ஏறிக்கொண்டார்.

சமையலறையில் உட்கார்ந்து இத்தனை வருஷம் தான் விற்றுக்கொண்டிருந்தது இதைத்தான் என்று கறாரம்மாவுக்கு அப்போது உறைத்தது. கிலோமீட்டருக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறாள். இன்னொருத்தர் கம்மிக்கு வருகிறார் என்றதும் இறங்கியும் இருக்கிறாள். அந்த இன்னொருத்தர் இப்படி ஓட்டுவாரா என்று ஒரு முறை கூடக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

"என்னக்கா, கண்ல தூசியா?"

"உன் வேலையைப் பாரு."

மதியத்துக்கு மேல் தம்பியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் சர்க்கரையின் குரல் வழிந்தது.

"தம்பி, எப்படி இருக்கீங்க? அக்கா நம்மளை மறந்துட்டாங்க, பரவாயில்ல. உங்களுக்காக ஒரு நல்ல சேதி. துறைமுகத்துலேர்ந்து திரும்பி வர ஒரு உரமூட்டை லோடு, கைவசம் ரெடியா இருக்கு. சாயங்காலம் குடோன் மூடறதுக்குள்ள நீங்க போய்க் காலி பண்ணிட்டா உங்களுக்குத்தான். லேட்டானா இன்னொருத்தருக்குக் கொடுக்க வேண்டி வரும். ஊர்வலமாப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன், மாமா வண்டி பின்னாடி போனா நாளைக்குத்தான் போவீங்க. யோசிச்சுச் சொல்லுங்க, லைன்லயே இருக்கேன்."

திரும்பி வரும்போது சரக்கு இல்லாமல் வந்தால் கையைக் கடிக்கும். போகும்போது கிடைக்கும் வாடகையில் பாதியைத் திரும்பும் வழி டீசலே குடித்துவிடும். இது கறாரம்மாவுக்குத் தெரியாததா? வாடகை பேசும்போது, திரும்ப ஏதாவது கிடைக்கும் என்று மனதுக்குள் ஒரு நம்பிக்கையில்தான் பேசியிருந்தாள். தவணை தேதி கண் முன்னால் வந்தது. பைனான்ஸ்காரரின் சிரிப்பும் வந்தது.

"முந்திக்கோடா" என்றாள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். "என்னது?"

"முந்திப் போன்னு சொல்றேன். உன் மாமாகிட்ட நான் பேசிக்கறேன்."

காலியான சாலை. ஆக்ஸிலரேட்டர் மேல் அவன் கால். பிறந்ததிலிருந்து யார் பின்னாலும் போகாதவன் அவன். அக்காவே சொல்லிவிட்ட பிறகு என்ன தடை?

"மாட்டேன்" என்றான்.

"டேய்!"

"குடோன் மூடறதுக்குள்ள போகணும்னா இனிமே ஒவ்வொரு பள்ளத்துலயும் அடிச்சு ஏத்தணும்க்கா. பின்னாடி இருக்கற பெட்டிக்கெல்லாம் நீ கையெழுத்துப் போட்டிருக்கே. காலையில அந்த வாசல்ல ஒரு சத்தம் கேட்டுச்சே, அது இன்னும் என் காதுல இருக்கு." கொஞ்சம் தயங்கினான். "அப்புறம் இதைப் பாரு. டீசல் முள்ளு. இவ்வளவு தூரம் வந்தா வழக்கமா எங்க இருக்கும் தெரியுமா? நானும் இத்தனை நாளா மாமாவைக் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தேன். இந்த மனுஷன் அங்க உட்கார்ந்து காசு பண்றாருக்கா."

போனை அக்காவின் பக்கம் நீட்டினான். கறாரம்மா அதை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, அந்த லோடை இன்னொருத்தருக்கே கொடுத்துடுங்க. பாவம், அவரும் பிழைக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, மீதி வழி முழுக்க விரலை மடக்கி மடக்கி டீசல் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். குடோன் பூட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

காலையில் இறக்கினார்கள். டைல்ஸ் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. கூலிக்காரர் ஒவ்வொரு பெட்டியையும் தோளுக்கு ஏற்றும் முன் காதருகே லேசாக ஆட்டிப் பார்ப்பார். முழுசாக இருந்தால் ஊமை மாதிரி இருக்கும். உடைந்திருந்தால் கலகலவென்று காட்டிக்கொடுத்துவிடும். கறாரம்மா குடோன் வாசலில் நின்று அந்த ஆட்டலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரோ டீ கொடுத்தார்கள், ஆறிப்போனது. கணவரின் வண்டி முழுவதும் இறங்கியது. ஒரு பெட்டி கூட வாய் திறக்கவில்லை. கடைக்காரர் தன் ஆட்கள் ஒழுங்காக ஆட்டவில்லை என்று சந்தேகப்பட்டு, தானே வந்து சில பெட்டிகளை ஆட்டிப் பார்த்தார்.

தம்பியின் வண்டியில் கடைசி வரிசையில் இரண்டு பெட்டிகள் கலகலத்தன. தொழிற்சாலை வாசல் வேகத்தடையில் சத்தம் போட்ட வரிசை அது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டுதானா?" என்றார் கடைக்காரர். "வழக்கமா ரெண்டு வரிசை போகும்மா."

கறாரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் கணவர் பக்கத்தில் வந்து நின்றார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். "டீ ஆறிடுச்சு, வேற சொல்லட்டுமா?" என்றார். "சொல்லுங்க" என்றாள். இதற்கு முன் அவரிடம் அவ்வளவு பணிவாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

திரும்பும் வழிக்கு லோடு இல்லை என்பது அப்படியே இருந்தது. டீயைக் குடித்துக்கொண்டே கறாரம்மா குடோனை ஒரு சுற்று சுற்றினாள். சுற்றிப் பார்ப்பது அவள் குணம், அதில் நம் தெருக்காரர்களுக்கு அவள் சளைத்தவள் இல்லை. மூலையில் மரத்தட்டுகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. பெட்டிகளை அடுக்கி அனுப்பும் தட்டுகள்.

"இதெல்லாம் என்னங்க பண்ணுவீங்க?"

"தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பணும். அந்த மேடம் தினமும் போன்ல உயிரை எடுக்கறாங்க. வாடகை சொற்பம்னு எந்த வண்டியும் ஏத்த மாட்டேங்குது."

சொற்பம்தான். ஆனால் போகிற இடம் தொழிற்சாலை. டீசலுக்குப் போதும். கறாரம்மா கத்தியும் பலகையும் இல்லாமலேயே கொஞ்சம் பேசி, சொற்பத்தைச் சற்று உயர்த்தி, இரண்டு வண்டியிலும் தட்டுகளை ஏற்றச் செய்தாள்.

டெஸ்பாட்ச் மேடம் இரண்டு பெட்டியைக் கழித்துக்கொண்டாள். கழிக்காமல் விட்டுவிடுவாள் என்று கறாரம்மா உள்ளூர எதிர்பார்த்தாள், அது நடக்கவில்லை. ஆனால் இந்த முறை உட்காரச் சொன்னாள். தட்டுகளைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமும் இரண்டு வண்டி வருமா என்று கேட்டாள். ஐந்து வண்டி ரூல் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வீட்டுத் தவணையும் கட்டப்பட்டது. பைனான்ஸ்காரர் மறுபடி தெருவுக்கு வந்தது வேறு ஒருவர் காருக்காகத்தான்.

ஒரேயடியாகப் பணம் கொட்டியது என்று சொன்னால் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள், கொட்டவும் இல்லை. மேடமும் கறார்தான். ஆறு மாதத்துக்கொரு முறை, "இன்னொருத்தர் கம்மிக்கு வர்றாங்களே" என்று அவளும் சொல்லிப் பார்ப்பாள். "அந்த இன்னொருத்தர் வண்டி பின்னாடி ஒரு நாள் போய்ப் பாருங்க மேடம், அப்புறம் பேசுவோம்" என்பாள் கறாரம்மா. சில முறை கொஞ்சம் இறங்கினாள், சில முறை இறங்கவில்லை. வண்டி மட்டும் அவளுடையதாகவே இருந்தது. தெருவில் அந்த வீட்டைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு விஷயம் கிடைக்காமல் போனது ஒரு நஷ்டம்தான். நத்தை என்ற பெயரை மாற்றலாமா என்று கூட ஒரு பேச்சு எழுந்தது. வேறு நல்ல பெயர் அகப்படாததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

சர்க்கரை அந்த டைல்ஸ் லோடை மீட்பதற்காக டெஸ்பாட்ச் மேடத்தின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். நடந்து நடந்து, அடுத்த வருஷம் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். வேலை முடிய இப்படியும் ஒரு வழியா என்று தெரு வாயைப் பிளந்தது. கறாரம்மா கூட இரண்டு நாள் தூங்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் லோடு அவருக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் இனிக்க இனிக்கக் கேட்டும் பார்த்தாராம். உடைந்தால் பொறுப்பேற்பாயா என்று மேடம் திருப்பிக் கேட்டாளாம். இதைச் சொன்னது அவர் வீட்டுக்குத் துணி தேய்க்கும் நம் கடைக்காரம்மாதான், ஆகவே நம்பலாம்.

தம்பியும் அவன் மனைவியும் துறைமுக நகரத்துக்கே குடி போய்விட்டார்கள். அந்தப் பக்கத்தில் சரக்கு இறங்குவதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அங்கே அவனை யாரும் ராக்கெட் என்று கூப்பிடுவதில்லை என்றும், அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்றும் அவன் மனைவி போனில் சொன்னாள். மாடியில் இப்போது ஒரு பல் டாக்டரும் அவருடைய மாமியாரும் இருக்கிறார்கள்.